ஆபத்தில் உங்கள் லைஃப் ஜாக்கெட் கைகொடுக்குமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்!

தூத்துக்குடியில் என் பெரியப்பா மகன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், நண்பருடைய சின்ன ஃபைபர் படகில் தூண்டில் போடக் கிளம்பிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஆன்லைனில் இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கினார். கழுத்தில் மாலை மாதிரி மெல்லிசாகத் தொங்கும் வகை. ஆபத்து வந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், உடனே காற்று நிரம்பிவிடும். வாங்கிய நாளிலிருந்து இரண்டும் ஆணியில் தொங்கும், இல்லையென்றால் அண்ணன் கழுத்தில் தொங்கும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, "அண்ணே, இது வேலை செய்யுமான்னு எப்பவாவது செக் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "புதுசு மாதிரிதானே தம்பி இருக்கு, இதுல செக் பண்ண என்ன கெடக்கு?" என்றார்.

அன்று ராத்திரியே இரண்டையும் சோதித்தோம். முதல் ஜாக்கெட்டின் காற்றுப்பை நன்றாக இருந்தது. ஆனால் அதன் குட்டி கேஸ் சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வைத்தால், 145 கிராம் என்று பொறித்திருந்த சிலிண்டர் 112 கிராம்தான் காட்டியது. உள்ளே இருக்க வேண்டிய 33 கிராம் வாயு மொத்தமும் இல்லை. யோசித்துப் பார்த்த பிறகுதான் அண்ணனுக்கு நினைவு வந்தது. ஒரு வருடத்துக்கு முன்பு அவருடைய மகள் விளையாட்டாகக் கயிற்றை இழுத்துவிட்டாள். ஜாக்கெட் 'புஸ்' என்று உப்பியது. எல்லோரும் சிரித்தார்கள். காற்றை இறக்கி, மடித்து, ஆணியில் மாட்டியாயிற்று. அந்தச் சிலிண்டர் ஒரே ஒருமுறைக்குத்தான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது ஜாக்கெட்டில் சிலிண்டர் முழுசாக இருந்தது. ஆனால் ராத்திரி வாயால் ஊதி வைத்த காற்றுப்பை, காலையில் பழைய துணி மாதிரி தொங்கிப்போயிருந்தது.

ஒன்றில் வாயு இல்லை, மற்றதில் வாயு நிற்க இடமில்லை. ஒரு வருடமாக அண்ணன் கடலுக்குப் போனது இந்த இரண்டை நம்பித்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜாக்கெட் இருந்தால், அல்லது வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். தேவைப்படுவது ஒரு சமையலறைத் தராசு, கொஞ்சம் மூச்சு, ஒரே ஒரு ராத்திரி.

இரண்டு வகை, இரண்டு குணம்

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற இடங்களில் படகு சவாரிக்குப் போகும்போது பொதுவாக நமக்குத் தருவது ஃபோம் வைத்துத் தைத்த ஜாக்கெட். தடிமனாக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். போட்டால் கொஞ்சம் புழுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் ஃபோம் எப்போதும் மிதக்கும். இழுக்க வேண்டிய கயிறும் கிடையாது, தீர்ந்துபோகும் வாயுவும் கிடையாது.

காற்று நிரம்பும் ஜாக்கெட் அப்படியல்ல. சாதாரண நிலையில் அது வெறும் துணிதான். உள்ளே இருக்கும் கருவி சரியாக வேலை செய்தால் மட்டுமே அது மிதவையாக மாறும். போட்டிருப்பதே தெரியாத அளவுக்கு லேசாக இருப்பதால் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள், தூண்டில் பிடிப்பவர்கள், வேலை செய்துகொண்டே கடலில் இருப்பவர்கள் இதை விரும்புகிறார்கள். வெயிலில் நாள் முழுக்கப் போட்டிருக்க முடியும் என்பது நிஜமான நன்மைதான். கழற்றி ஓரமாக வைத்த ஃபோம் ஜாக்கெட்டைவிட, உடம்பில் இருக்கும் காற்று ஜாக்கெட் மேல். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதை நீங்கள் பராமரிக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

வெளியுறையின் வெல்க்ரோவையோ ஜிப்பையோ திறந்து பாருங்கள். நான்கு பாகங்கள் தெரியும்.

• காற்றுப்பை: மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் மடித்து வைத்திருக்கும்.

• சிலிண்டர்: கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு உருளை. உள்ளே அழுத்தி அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு இருக்கும்.

• துளையிடும் கருவி: சிலிண்டர் திருகப்பட்டிருக்கும் தலைப்பகுதி. கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் ஊசி சிலிண்டரின் வாயைக் குத்தும், வாயு பைக்குள் பாயும்.

• வாயால் ஊதும் குழாய்: கருவி கைவிட்டால் மாற்று ஏற்பாடு.

தானியங்கி வகையில் கூடுதலாக இன்னொன்று இருக்கும். சில மாடல்களில், தண்ணீர் பட்டதும் கரையும் மாத்திரை ஒன்று ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். மாத்திரை கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசியைத் தள்ளும். வேறு சில மாடல்கள் தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து வேலை செய்யும். சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் இவை திறக்கும். அதனால் மழைக்கும் அலைத் தெறிப்புக்கும் தவறுதலாக உப்பாது.

இப்போது ஒரு சின்ன கணக்கு. 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு நம் ஊர் வெப்பத்தில் வெளியே வந்தால் சுமார் 18 லிட்டராக விரியும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அந்த அளவு காலி கேன் ஒன்றைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினால் எவ்வளவு மிதக்குமோ, அவ்வளவு மிதப்பு. ஜாக்கெட்டில் '150 நியூட்டன்' என்று எழுதியிருப்பது இந்த மிதப்பு விசையைத்தான். சுமார் 15 கிலோ எடையைத் தண்ணீரில் தாங்கும் என்று அர்த்தம்.

பெரியவர் ஒருவரின் தலை தண்ணீருக்கு மேல் நிற்க சுமார் 3 முதல் 5 கிலோ மிதப்பே போதும். அப்புறம் ஏன் 15 கிலோ? மயங்கிய ஒருவர் குப்புற விழுந்தால் அவரைத் திருப்பி, முகம் வானத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டுமே! அதற்குத்தான் அந்தக் கூடுதல் விசை. தானாக நீந்த முடியாத நிலையில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று, ஜாக்கெட்டை ஊதிப் பார்க்கும் முன் சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே காற்று நிரம்பிய பைக்குள் தவறுதலாக வாயுவும் பாய்ந்தால் பை கிழியலாம்.

இரண்டு, பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தைக் காற்றுப்பை தாங்காது. வாயால் ஊதினால் போதும்.

மூன்று, ஜாக்கெட்டோடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மாடலுக்கு மாடல் கழற்றும் முறை மாறும். கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் மொபைலிலேயே தேடி எடுக்கலாம். மடித்திருக்கும் விதத்தை முதலிலேயே நாலைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மடிக்கும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்!

சோதனை 1: கண்ணால் பாருங்கள், கையால் இழுங்கள்

வெளியுறை, பட்டைகள், தையல் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெயிலில் வெளுத்துப்போன பட்டை பலம் குறைந்த பட்டை. பக்கிளை மாட்டி இரண்டு கையாலும் வேகமாக இழுங்கள். நழுவினால் அந்த ஜாக்கெட் வேண்டாம். நம் வீடுகளில் இன்னொரு பிரச்சினை எலி. மடித்து வைத்த துணிக்குள் பல் பட்ட இடம் வெளியில் தெரியாது. அதனால் பையை முழுசாக விரித்துப் பாருங்கள்.

அடுத்து, சிலிண்டர் திருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். கருவி தயார் நிலையில் இருக்கிறது என்று காட்ட, பெரும்பாலான மாடல்களில் பச்சை நிற அடையாளம் ஒன்று வைத்திருப்பார்கள். அது உடைந்திருந்தாலோ சிவப்பாக மாறியிருந்தாலோ கருவி ஏற்கெனவே ஒருமுறை வேலை செய்துவிட்டது, அல்லது சரியாகப் பொருத்தவில்லை என்று பொருள். அண்ணனின் முதல் ஜாக்கெட்டில் அந்தப் பச்சைத் துண்டு உடைந்து விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சோதனை 2: சிலிண்டரை எடை போடுங்கள்

சிலிண்டரைக் கையால் திருகிக் கழற்றுங்கள். முதலில் அதன் வாயைப் பாருங்கள். மூடி வழவழப்பாக, முழுசாக இருக்க வேண்டும். நடுவில் ஊசித் துளை இருந்தால் அது காலி சிலிண்டர். துரு பிடித்திருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. துரு பக்கத்தில் இருக்கும் பையையும் உரசிக் கிழிக்கும்.

துளை இல்லை என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சிலிண்டரின் மேல் மொத்த எடை இத்தனை கிராம் என்று பொறித்திருக்கும். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசில் வையுங்கள். பொறித்த எடையைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. உடனே மாற்றுங்கள். எடையைத் தேதியோடு சிலிண்டர் மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட வசதியாக இருக்கும்.

மாற்று சிலிண்டர் வாங்கும்போது 'ஏதோ ஒன்று பொருந்தினால் சரி' என்று வாங்கக் கூடாது. வாயுவின் அளவும் மரையின் அளவும் உங்கள் மாடலுக்குச் சொன்னதாகவே இருக்க வேண்டும். சிறிய சிலிண்டர் போட்டால் பை முழுசாக நிரம்பாது. பெரியது போட்டால் பை தாங்காது.

திரும்பப் பொருத்தும்போது கையால் இறுகும் வரை திருகுங்கள். குறடு வேண்டாம். படகு எஞ்சின் அதிர்வில் சிலிண்டர் தளர்ந்துபோவது உண்டு. தளர்ந்த சிலிண்டரை ஊசி எட்டிக் குத்த முடியாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒருமுறை கையால் திருகிப் பார்ப்பது நல்ல பழக்கம். பத்து நொடி வேலை, அவ்ளோதான்.

சோதனை 3: ஒரு ராத்திரி காத்திருங்கள்

சிலிண்டர் வெளியே இருக்கட்டும். தானியங்கி வகை என்றால் மாத்திரைப் பகுதியையும் கழற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இப்போது ஊதும் குழாயின் மூடியைத் திறந்து, பை கெட்டியாகும் வரை ஊதுங்கள். மூடியை மூடி, ஃபேனுக்கு நேராக இல்லாமல், வெயில் படாத அறையில் கிடத்திவிட்டுத் தூங்கப் போங்கள். முடிந்தால் 24 மணி நேரம் விடுங்கள்.

காலையில் அழுத்திப் பாருங்கள். ராத்திரி குளிர்ச்சியால் கொஞ்சம் தளர்ந்திருப்பது சகஜம். ஆனால் விரல் உள்ளே புதையும் அளவுக்கு இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது.

எங்கே கசிகிறது? சைக்கிள் கடையில் டியூபை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படித்தான். மறுபடி ஊதி, பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, பகுதி பகுதியாக அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஊதும் குழாயின் வால்வில் குமிழி வந்தால் சில சமயம் அதில் சிக்கிய மணல் துகள்தான் காரணமாக இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி மறுபடி சோதிக்கலாம். பையிலோ ஒட்டுப்பகுதியிலோ குமிழி வந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவது மாதிரி பேட்ச் ஒட்ட வேண்டாம். அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்தது. வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதபடி பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

காற்றை இறக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பல மாடல்களில் குழாயின் மூடியைத் தலைகீழாகத் திருப்பி வால்வின் மேல் வைத்து அழுத்தினால் காற்று வெளியேறும். பேனா, ஆணி எதையும் உள்ளே விடாதீர்கள், வால்வு போய்விடும். காற்று முழுசாக இறங்கிய பிறகு, எடுத்து வைத்த போட்டோவைப் பார்த்து மடியுங்கள். இழுக்கும் கயிறு உள்ளே மாட்டிக்கொள்ளாமல் வெளியே தொங்க வேண்டும். இது ரொம்ப முக்கியம்!

சோதனை 4: தேதியைப் பாருங்கள்

மருந்துக்கு இருப்பதுபோல தானியங்கிக் கருவிக்கும் காலாவதி உண்டு. கரையும் மாத்திரை வகையில் தேதி மாத்திரை உறையிலேயே இருக்கும். பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டு என்று சொல்வார்கள். அழுத்தத்தை உணரும் வகையில் அது பொதுவாக 5 ஆண்டு வரை இருக்கும். உங்கள் கருவியில் என்ன தேதி பொறித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்தத் தேதியை மொபைல் காலண்டரில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு மாத்திரை வகை கொஞ்சம் மென்மையானது. ஈரமான பெட்டியில் அடைத்து வைத்தால் தானாகவே உப்பிவிடலாம். காற்றோட்டமாகத் தொங்கவிடுவதே நல்லது.

சோதனை 5: தண்ணீரில் இறங்கிப் பாருங்கள்

முதல் நான்கு சோதனையும் ஜாக்கெட்டுக்கு. இது உங்களுக்கு. அருகில் உள்ள நீச்சல் குளத்தில், உயிர்காப்பாளர் இருக்கும்போது, அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சிலிண்டரையும் மாத்திரையையும் கழற்றிய ஜாக்கெட்டைப் போட்டு, பட்டைகளை இறுக்கி, வாயால் ஊதிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மெல்லச் சாய்ந்து படுங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வாய் தண்ணீருக்கு மேல் தெளிவாக நிற்கிறதா? ஜாக்கெட் காது வரை மேலே ஏறுகிறதா? ஏறினால் இடுப்புப் பட்டை தளர்வு, அல்லது கால்களுக்கு இடையே போகும் பட்டையை மாட்டவில்லை. பலர் அந்தப் பட்டையை அசௌகரியம் என்று வெட்டியே விடுகிறார்கள். தண்ணீரில் உங்களை ஜாக்கெட்டோடு சேர்த்துப் பிடிப்பது அதுதான். கடைசியாக, உப்பிய நிலையில் நீங்களாகவே படி ஏறி வெளியே வர முடிகிறதா?

சிலிண்டரோ மாத்திரையோ காலாவதி ஆகப்போகிறது என்றால், அதை வீணாக்காமல் அதே குளத்தில் ஒருமுறை நிஜமாகவே இழுத்துப் பாருங்கள். அந்தச் சத்தமும், கழுத்தில் திடீரென்று ஏறும் இறுக்கமும் முதல்முறை அதிர்ச்சியாக இருக்கும். அது கடலில் முதல்முறையாக இருக்க வேண்டாமே! முடிந்ததும் புதிய சிலிண்டர் போட மறக்காதீர்கள். ராத்திரி சோதனைக்கு இந்த வாயுவை நம்ப வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடச் சீக்கிரம் பையின் சுவர் வழியே வெளியேறும். அதனால் கசிவு பார்க்க வாயால் ஊதிய காற்றுதான் சரி.

ஆய்வகத்தில் சோதித்ததுதானே, மறுபடி நான் ஏன்?

நியாயமான கேள்வி. தரமான ஜாக்கெட்டின் லேபிளில் 'ஐ.எஸ்.ஓ. 12402' என்ற எண் இருக்கும். அதில் பாகங்கள் உண்டு: பாகம் 2 என்றால் 275 நியூட்டன், பாகம் 3 என்றால் 150, பாகம் 4 என்றால் 100. பாகம் 5 என்றால் 50 நியூட்டன்; அது கரைக்கு அருகே, நீந்தத் தெரிந்தவர்களுக்கான உதவி மிதவை மட்டுமே. மயங்கியவரைத் திருப்பிப் போடும் என்று அதை நம்ப முடியாது. வாங்கும் முன் லேபிளின் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணும் இல்லை, நியூட்டனும் இல்லை, வெறும் 'மிதக்கும் ஜாக்கெட்' என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஆய்வகம் சோதித்தது அந்த மாடலின் புதிய மாதிரியை. உங்கள் வீட்டு ஆணியில் இரண்டு வருடம் தொங்கியதை அல்ல. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. சர்வதேசக் கப்பல் விதிகளின்படி, கப்பலில் வைக்கும் காற்று நிரம்பும் ஜாக்கெட்டுக்கு குறைந்தது இரண்டு தனித்தனி அறைகள் இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். நாம் சிறு படகுகளுக்கு வாங்கும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் ஒரே அறைதான். ஒரு சிலிண்டர், ஒரு பை. இதில் ஒன்று கைவிட்டால் மிச்சம் இருப்பது உங்கள் மூச்சு மட்டும்தான். அலையில் தத்தளித்துக்கொண்டே குழாயைத் தேடி ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று குளத்தில் ஒருமுறை முயன்று பார்த்தாலே புரிந்துவிடும்.

யாருக்கு இது வேண்டாம்?

குழந்தைகளுக்கு வேண்டாம். அவர்களுக்கு அவர்கள் எடைக்கேற்ற ஃபோம் ஜாக்கெட்தான் சரி. அமெரிக்கக் கடலோரக் காவல்படை காற்று நிரம்பும் ஜாக்கெட்டுகளுக்கு அனுமதி தரும்போது 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. நீச்சல் தெரியாதவர்களுக்கும், தண்ணீரைக் கண்டால் பதறுபவர்களுக்கும் ஃபோம்தான் பாதுகாப்பு. அடிக்கடி தண்ணீரில் விழுந்து எழும் ஜெட் ஸ்கீ போன்ற விளையாட்டுகளுக்கும் இது பொருந்தாது.

மழைக்கோட்டுக்கு உள்ளே இதைப் போடக் கூடாது. உள்ளேயே உப்பினால் நெஞ்சை நெருக்கும்.

மூடிய அறை உள்ள படகுகளில் தானியங்கி வகை ஆபத்தாகலாம். இதற்கு விமானத்தில் நடந்த ஒரு சம்பவமே பாடம். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். பலர் விமானத்துக்கு உள்ளேயே ஜாக்கெட்டை உப்பவைத்துவிட்டார்கள். தண்ணீர் ஏறியபோது மிதப்பு அவர்களைக் கூரையோடு தூக்கி நிறுத்தியது. கீழே மூழ்கி வாசலுக்கு வர முடியவில்லை. விமானத்தில் 'வெளியே வந்த பிறகு உப்பவையுங்கள்' என்று பணியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். கேபின் உள்ள படகுக்கும் இதே விதிதான்.

படகு இல்லத்தில் ஜாக்கெட் தந்தால்...

அங்கே எடை போட முடியாது. ஆனால் அரை நிமிடத்தில் பார்க்க வேண்டியது உண்டு. பக்கிள் பூட்டுகிறதா? ஃபோம் நொறுங்கிக் கட்டியாகியிருக்கிறதா? உங்கள் அளவுக்குச் சரியா? மாட்டிய பிறகு, கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் வேறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. செல்ஃபிக்காக இடையில் கழற்றாதீர்கள்.

பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கேரளாவின் தானூரில் 2023 மே 7 அன்று, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இரண்டுமே விடுமுறை நாளில் மகிழ்ச்சியாகக் கிளம்பிய பயணங்கள். படகில் கூட்டம் அதிகம் என்று தோன்றினால், ஜாக்கெட் போதாது என்றால், ஏறாதீர்கள். அடுத்த படகு வரும்.

உப்புத் தண்ணீர் பட்டால்

கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தானியங்கி வகை என்றால் மாத்திரையையும் சிலிண்டரையும் கழற்றிவிட்டுத்தான் அலச வேண்டும். நிழலில், ஹேங்கரில் மாட்டி நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு திரும்பப் பொருத்துங்கள். படகுக்கு அடியில் பெட்ரோல், டீசல் கேனோடு சேர்த்துப் போட்டு வைக்காதீர்கள்.

மொபைலில் சேமிக்க வேண்டிய எண்கள்

• 1554: கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை

• 1093: கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறை

• 112: எல்லா அவசர உதவிக்கும்

• 1915: குறைபாடுள்ள பொருளை விற்றிருந்தால் புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண். பில், லேபிள் போட்டோ, சோதனை வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

கடலில் ஃபோன் நனைந்தால் எண்கள் இருந்தும் பயனில்லை. நீர்புகா உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கடைசியாக

சோதனை முடிந்த அன்று காலை அண்ணன் கடலுக்குப் போகவில்லை. கசிந்த ஜாக்கெட்டின் பட்டையை அவரே வெட்டினார். மற்றதுக்கு அதே மாடலுக்கான புது சிலிண்டர் ஆர்டர் போட்டார். மகளுக்கு அவள் எடைக்கேற்ற ஃபோம் ஜாக்கெட் ஒன்று வாங்கினார். இப்போது வீட்டு ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை தொங்குகிறது. சோதித்த தேதி, சிலிண்டர் எடை, அடுத்த சோதனை எப்போது என்று எழுதியிருக்கிறது. எழுதியது அவருடைய மகள். கயிற்றை இழுத்தவளும் அவள்தான்!

போன ஞாயிறு அண்ணன் ஃபோனில் சொன்னார்: "நண்பன் படகுல இருந்த நாலு ஜாக்கெட்டையும் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன் தம்பி. ராத்திரி ஊதி வெச்சிருக்கேன். காலைல பாத்துட்டுச் சொல்றேன்."

உங்கள் வீட்டு ஜாக்கெட்டை எப்போது ஊதி வைக்கப்போகிறீர்கள்? இன்றைக்கு ராத்திரியே செய்துவிடுங்களேன்.